சேர்ட சித்திரக் கொப்பிகள்

களுவாஞ்சிக்குடி,
வைகாசி 3

அன்பின் புள்ள,

உன்ட கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் போடாமல் விட்டது பிழைதான், நேரில் வந்து ஏசு. அம்மாட கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிஞ்சுது. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுட்டு. லாந்தர் மாமா இன்னும் அதே சைக்கிளில்தான் திரியிறார், உன்னைக் கேட்டவர். சுகசெய்தி இவ்வளவுதான். இனி விசயத்துக்கு வாறன்.

நமக்குச் சித்திரம் பழக்கின சேர்ட றங்குப்பெட்டி இப்ப என்ட மேசைக்குக் கீழ இருக்கு. அவர்ட மகள் கொண்டுவந்து வச்சிட்டுப் போனவ. உள்ளே ஏழு சித்திரக் கொப்பி. படிக்கிற காலத்தில் நாம ரெண்டைத்தான் தூரத்தில் கண்டம், மற்ற அஞ்சும் இருந்ததே தெரியாது. "நல்ல படமாப் பார்த்து முப்பதைக் கழட்டிச் சட்டம் போட்டு, நினைவு நாளுக்கு மண்டபத்தில் மாட்டுவம்" என்று எழுதியிருக்கிறாய். சேர்ட வேலையை நாலு சனம் பார்க்கவேணும் என்ற தவிப்பு எனக்கும் இருக்கு. ஆனால் கொப்பியைக் கழட்டாதே. இந்தக் கடிதம் முழுக்க அதைச் சொல்லத்தான்.

அஞ்சு கொப்பி கடையில் வாங்கினது, நடுவில் ரெண்டு ஸ்டேப்பிள் அடிச்சது. மற்ற ரெண்டும் சேர் தானே தைச்சது. காட்ரிஜ் தாளை நாலு நாலாக மடிச்சு, மெழுகு இழுத்த நூலால் தைச்சு, அட்டைக்குச் சாரத் துணி ஒட்டியிருக்கிறார். தைச்ச ரெண்டும் இண்டைக்கும் தளராமல் விரியுது. ஸ்டேப்பிள் அடிச்சதுகள் துருப்பிடிச்சு, ஓட்டையைச் சுத்தித் தாள் மண்நிறமாகிப்போச்சு, விரல் பட்டால் உதிருது. ரெண்டு கொப்பியில் பூஞ்சணம். ஒன்றைப் பாவம், யாரோ நல்ல மனசோட வெயிலில் காய வச்சிருக்கிறாங்க. அட்டை ஓடமாதிரி வளைஞ்சு போச்சு, வெளிப்பக்கம் இருந்த றோஸ் நிறம் வெளிறிட்டு.

மூன்றாம் கொப்பியில் கல்லடிப் பாலம் இருக்கு, 1924இல் திறந்த பழைய பாலம். பென்சில் மட்டும்தான், ஒரு துளி நிறம் இல்ல. இரும்புச் சட்டங்களை எண்ணி எண்ணிப் போட்டிருக்கிறார். தண்ணியில் விழுந்த நிழலுக்கு ஒரே ஒரு அலைக்கோடு. ஆனால் படத்துக்கு மேலேயே, கோடுகளுக்கு நடுவில், பொடி எழுத்து: "காலை 6.40. காத்து இல்லை. வானம் பழஞ்சோத்துத் தண்ணி. பாலம் பானையடிக் கரி. அக்கரை ஓடு புதுத் தயிர்ச்சட்டி. கண்ணாமரம் மேலே ஈரப்பச்சை, அடியில் கறுப்பு. தோணி 2, ஒன்றில் ஆள் நிக்கிறார்." தயிர்ச்சட்டி என்ற சொல்லைக் கண்டதும் உன்ட நினைவுதான் வந்தது, சொல்லத் தேவையில்ல. அந்த அஞ்சு வரியை வச்சு இந்த மேசையில் இருந்தே நான் அந்தக் காலைக்கு நிறம் போடுவன்.

மறுகா அஞ்சாம் கொப்பியை விரிச்சுப் பார். பொழுதுபடுற வாவி, ஓடத்துறை, ஆட்கள், ஒரு மாட்டுவண்டி, முழு நீர்வண்ணம். ஏழு கொப்பியிலும் அழகான படம் அதுதான். ஒரு சொல் எழுதல்ல. எந்த ஊர்? மண்முனையா, அம்பிளாந்துறையா, குருமன்வெளியில் நின்று மண்டூர்ப் பக்கம் பார்த்ததா? லாந்தர் மாமா ஒரே நாளில் மூன்று ஊர் சொன்னார். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பக்கங்கள் மண்டூர்க் கோயில் என்பதால்தான் குருமன்வெளி என்று நான் நம்புறன். கொப்பியில் இருந்து அந்த ஒரு தாளைக் கழட்டினால் அந்தச் சாட்சியும் போயிரும். அதை நினைச்சுப் பார்.

சேருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உனக்கும் தெரியும். கிளிக்காரர். எட்வர்ட் லியர் என்ற இங்கிலீஸ் சித்திரக்காரரைப் பற்றி வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைஞ்சு, இருபது வயசுக்குள் 42 படத்தோட புத்தகம் போட்ட ஆள், 1846இல் விக்டோரியா மகாராணிக்கே சித்திரம் பழக்கின ஆள், பிள்ளைகளுக்கு விகடப் பாட்டுக் கட்டின ஆள் என்று. அப்ப நமக்கு அந்தக் கிளியும் பாட்டும்தான் பிடிபட்டது. இப்பதான் அந்த மனிசன்ட பிரயாணப் படங்களை நான் உட்கார்ந்து பார்க்கிறன். இத்தாலி, அல்பேனியா, கிரேக்கம், எகிப்து, கடைசியில் 61 வயசில் இந்தியா. 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கி, டார்ஜிலிங்கில் இருந்து மாமல்லபுரம், தஞ்சாவூர், திருச்சிவரைக்கும் அலைஞ்சிருக்கிறார். 1874 முடிவில் இலங்கைக்கும் வந்தார். கூடவே வந்த பணியாள் ஜியோர்ஜியோ இங்கே வயித்தோட்டத்தில் விழுந்து சாகக் கிடந்து தப்பினவர். லியருக்குப் பார்வையும் மட்டம், வலிப்பு நோயும் இருந்தது. அதை வெளியில் சொல்லாமல் நாட்குறிப்பில் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டு வச்சவர்.

அவர்ட வேலை முறை மூன்று படி. இடத்தில் நின்று பென்சில். கோடு போடும்போதே அந்தக் கோட்டுக்கு மேல் நிறம், பொருள், தூரம் எல்லாம் சொல்லாக எழுதுவார். பாறை என்பதை இங்கிலீசில் காதில் கேட்கிற மாதிரிச் சுருக்கி "றொக்ஸ்" என்று மூன்று எழுத்தில் முடிச்சிருவார், அவ்வளவு அவசரம். மூலையில் ஊர், திகதி, நேரம், வரிசை எண். ரெண்டாவது படி, தங்கிற இடத்தில் இராவிலோ பிறகோ உட்கார்ந்து பென்சில் கோட்டுக்கு மேல் பழுப்பு மையால் பேனை ஓட்டுறது, எழுத்துக்கும் சேர்த்து. பிரயாணத்தில் தாள் தாளோட உரசிப் பென்சில் மங்கும், மை நிக்கும். மூன்றாவது, மெல்லிய நீர்வண்ணம். அது அடுத்த நாளும் நடக்கும், மாசம் கழிச்சும் நடக்கும். காஞ்சன்ஜங்காவை 1874 ஜனவரியில் டார்ஜிலிங்கில் நின்று குறிச்சுக்கொண்டவர், பெரிய எண்ணெய் ஓவியமாக ஆக்கினது இத்தாலியில் வீட்டில் இருந்து, வருசங்கள் கழிச்சு. நிறத்தை இடத்தில் பூசாமல் சொல்லாகக் கொண்டு போனதால்தான் அது ஏலுமாயிருந்தது.

நீ இப்ப என்ன சொல்லுவாய் என்று தெரியும். "லியர் வரைஞ்சது பெரும்பாலும் தனித்தாளில்தானே, அவர்ட படங்கள் இண்டைக்கு ஹார்வர்டின் ஹோட்டன் நூலகத்திலும் யேலிலும் வேற எங்கெங்கோவும் பிரிஞ்சு கிடக்கே, அதால் என்ன கெட்டுப்போச்சு?" ஒன்றும் கெட்டுப்போகல்ல, ஏனென்றால் ஒவ்வொரு தாளிலும் எண்ணும் திகதியும் நேரமும் இருக்கு. காலை ஆறு மணித் தாள் ஒரு ஊரிலும் பத்து மணித் தாள் இன்னொரு ஊரிலும் கிடந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் வச்சு அந்த நாளைத் திரும்பக் கட்டலாம். சேர் கொப்பி அட்டையில்தான் எண் போட்டிருக்கிறார், பக்கங்களில் இல்ல. சேர்ட வரிசை எண் அந்தத் தையல்தான்.

இன்னொன்று. நீ பார்த்தது மகள் அனுப்பின போட்டோ மட்டும். அதில் வலப்பக்கம் மட்டும்தான் இருக்கு. சேர் படத்தை வலப்பக்கத்தில் போட்டு, அதே தாளின் முதுகில் அடுத்த இடத்துக்குப் போன வழியை எழுதியிருக்கிறார். தம்பிலுவில் சந்தையில் வெத்திலை விலை இருக்கு. பட்டிமேட்டில் ஒரு கிழவி சொன்ன கண்ணகி குளுத்திப் பாட்டு எட்டு வரி இருக்கு. சட்டம் போட்டால் அது முழுக்க அட்டைக்குள் போயிரும். சித்திரக்காரரை மாட்டிவிட்டு எழுத்துக்காரரைச் சுவருக்குள் வச்சு மூடுற வேலை அது.

சட்டம் போடுற கடைகளில் நடக்கிறதையும் சொல்லவேணும். பின்னுக்கு ஹார்ட்போர்ட் வைப்பாங்க, அதில் உள்ள அமிலம் தாளுக்கு ஏறி நாலஞ்சு வருசத்தில் ஓரம் மஞ்சளாகும். செலோடேப் ஒட்டினால் பசை தாளுக்குள் இறங்கிக் கறையாகும், எடுக்கவே ஏலாது. கண்ணாடியைப் படத்தோட ஒட்டி வச்சால் நம்மட மாரியில் உள்பக்கம் வேர்த்து, பூஞ்சணம் பிடிச்சு, நிறம் கண்ணாடியிலேயே ஒட்டிப்போகும். நூதனசாலைகளில் நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விடமாட்டாங்க, அதுவும் சில மாசத்துக்குத்தான், மறுகா இருட்டில் ஓய்வு. நம்மட மண்டபத்தில் மேற்கு யன்னல் ஏழு இருக்கு.

அதால் என்ட யோசனை இது. கொப்பிகளை முழுசாகப் படம் எடுப்பம். முப்பதை ஏ4 அளவில் கனத்த, மினுங்காத தாளில் அச்சடிச்சு, அதைச் சட்டம் போட்டு மாட்டுவம், முதுகில் உள்ள எழுத்தையும் பக்கத்திலேயே அச்சடிச்சு வைப்பம். உண்மைக் கொப்பி ரெண்டை மட்டும் கண்ணாடி அலுமாரியில் விரிச்சு வைப்பம், யன்னலுக்கு முதுகு காட்டி. சனம் சேர்ட கையெழுத்தையும் வாசிச்சிட்டுப் போகும்.

படம் எடுக்க நீ வரவேணும், உன்ட கை ஆடாது. எங்கட வடக்கு விறாந்தை, காலை எட்டரையில் இருந்து ஒன்பதரை, வெயில் நேரே விழாத நேரம். பிளாஷ் வேணாம். கொப்பியை முழுசாக மல்லாத்தி அமத்தாதே, முதுகு வெடிக்கும். ரெண்டு துவாயைச் சுருட்டி அட்டைக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, பாதிக்குச் சற்று மேல் விரிஞ்சால் போதும். போனை நேர் செங்குத்தாகப் பிடிக்கவேணும். கிட்டப் போய் எடுத்தால் ஓரம் வளையும், தள்ளி நின்று ரெண்டு மடங்கு பெருப்பிச்சு எடு. பக்க ஓரத்தில் அடிமட்டமும் ஒரு வெள்ளைத் தாள் துண்டும் தெரியவேணும், அச்சடிக்கும்போது அளவுக்கும் நிறத்துக்கும் அதுதான் ஆதாரம். அட்டை, வெத்துப் பக்கம், இடையில் கிடக்கிற பஸ் ரிக்கட், எல்லாம் இருக்கிற வரிசையில். கோப்புப் பெயர் கொப்பி எண், பக்க எண், அவ்வளவே. "அழகான வாவி" என்று பெயர் வைக்காதே புள்ள, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

துப்புரவு அதுக்குப் பிறகுதான். பூஞ்சணத்தை ஆட்டு மயிர்த் தூரிகை நுனியால் தொட்டுப் பார்த்தன். ஒரு கொப்பியில் பொடியாக உதிருது, அது உறங்கிக் கிடக்கிறது. மற்றதில் இழுபட்டுப் பூசுது, அது இன்னும் உயிரோட இருக்கு, அதில் இப்ப கை வைக்கப்படாது. அதை ஊதப்படாது, துடைக்கப்படாது, ஈரத் துணி கிட்டவே போகப்படாது. பூசினால் கறை தாளுக்குள் இறங்கிரும். அதைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லோட வச்சிருக்கிறன். ஈரப்பத மீற்றர் ஒன்றும் உள்ளே இருக்கு, வைக்கும்போது 78, இண்டைக்குக் காலை 57. அறுபத்தஞ்சுக்கு மேல் நின்றால்தான் பூஞ்சணம் எழும்பும். ஐம்பதுக்குக் கீழ் அவசரமாக இறக்கினாலும் தாள் சுருங்கி நெளியும். அதால் ஜெல் நிறம் மாறினதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாத்துறன். மாறினதைத் தாச்சியில் சிறுநெருப்பில் வறுத்தால் பழைய நிறம் வரும், ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். முழுக்கக் காய்ஞ்சு பொடியானதும் ரெண்டு கொப்பியையும் வெளி விறாந்தையில், காத்து நம்மில் இருந்து அங்கால போகிற மாதிரி நின்று, நல்ல முகக்கவசம் போட்டு, பக்கம் பக்கமாகத் தூரிகையால் தட்டி எடுக்கிறது. உனக்கு இழுப்பு இருக்கு, அந்த வேலைக்கு நீ கிட்ட வராதே.

துருப்பிடிச்ச ஸ்டேப்பிளைக் குறட்டால் இழுத்தால் தாளையும் பிச்சுக்கொண்டு வரும். நடுப்பக்கத்தை விரிச்சு, கம்பிக் காலுக்குக் கீழ் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, தட்டைக் கத்தி நுனியால் ரெண்டு காலையும் நிமித்தி, மறுகா முதுகுப் பக்கம் தள்ளி எடுக்கவேணும். பழைய ஓட்டையிலேயே லினன் நூலால் தைக்கலாம். நடுவில் இன்னொரு ஓட்டை, மூன்று ஓட்டைத் தையல், சேர் நமக்குப் பழக்கினது. ஒரு தாளும் இடம் மாறப்படாது. ஒட்டிக்கிடக்கிற பக்கம் நாலு சோடி இருந்தது, கத்தி போட்டுப் பிரிக்க உனக்குக் கை துடிக்கும், வேணாம். காய்ஞ்சு வரும்போது ரெண்டு சோடி தானாக விட்டுட்டு, மற்ற ரெண்டையும் தெரிஞ்ச ஆளிடம் காட்டுவம். வேப்பிலை, வசம்பு போடுறது பெட்டிக்கு வெளியில் துணியில் முடிச்சாகத்தான். ஏட்டுக்கு எண்ணெய் பூசுற மாதிரித் தாளுக்குப் பூசினால் கறைதான் மிஞ்சும்.

இப்ப உன்ட பாதயாத்திரை. ஆனியில் மண்டூரில் சேர்ந்து, உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, கதிர்காமம்வரை நடக்கிறாய். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? ஆனால் பத்தங்குலச் சித்திரத்தாள் புளொக், பன்னிரண்டு நிறம், மடக்குக் கதிரை என்று எழுதியிருக்கிறாயே, அதில் பாதியை வீட்டில் வச்சிட்டுப் போ. நடக்கிற கூட்டம் உனக்காக நிக்காது. ஒரு இடத்தில் பத்து நிமிசம், மிஞ்சினால் கால் மணித்தியாலம் கிடைக்கும். அதில் ரெண்டு நிமிசம் பார், அஞ்சு நிமிசம் பென்சில், மிச்சம் முழுக்க எழுத்து. இராவில் டோர்ச் வெளிச்சத்தில் மை.

கொப்பி ஏ5, தைச்சது, சதுர மீற்றருக்கு 200 கிராம் தாள் போதும், முப்பது தாள். 300 கிராம் தாள் நிறத்துக்கு நல்லது, தோளுக்குப் பாரம். பென்சில் எச்பி ஒன்று, 2பி ஒன்று. 4பி எடுத்தால் மூன்றாம் நாள் எல்லாப் பக்கமும் சாம்பல். மைக்கு நீர் படாத பிக்மென்ட் பேனை 0.3 ஒன்றும் 0.5 ஒன்றும். ஜெல் பேனையும் பவுண்டன் பேனையும் பெரும்பாலும் ஈரம் பட்டால் ஓடும், போல்பொயின்ட் வெளிச்சத்தில் மங்கும். நிறம் ஆறு போதும்: லெமன் மஞ்சள், மண்மஞ்சள், பேர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின், பிரஷ்யன் நீலம், பெர்மனன்ட் றோஸ். கறுப்பு எடுக்காதே, அல்ட்ராமரினும் சியன்னாவும் சேர்ந்தால் உனக்குத் தேவையான காட்டு நிழல் முழுக்க வரும். தேன் கலந்த நிறம் நம்மட புழுக்கத்தில் காயாது, பெட்டிக்குள் ஒட்டிப் பூஞ்சணமும் பிடிக்கும். எந்த நிறமானாலும் பெட்டியை மூட முன்னம் மூடி திறந்து காய விடு.

தண்ணிக்குப் பழைய மருந்துப் பாணிப் போத்தல் ஒன்று, 60 மில்லி, வீட்டில் நிரப்பினது. உகந்தையில் கடல் பக்கத்தில்தானே என்று கடல் தண்ணியில் தூரிகை தோய்க்காதே. உப்பு தாளில் தங்கும். தங்கின உப்பு காத்தில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் ஒருநாளும் முழுக்கக் காயாது, முதல் பூஞ்சணம் அங்கதான் வரும். காட்டுக்குள் குடிதண்ணியை நிறத்துக்குச் சிலவழிக்கவும் ஏலாது. அதால்தான் திரும்பத் திரும்பச் சொல்றன், காட்டுக்குள் நிறம் பூசாதே, நிறத்தை எழுது.

கச்சான் அடிக்கிற மாசம் அது. வெளியில் பூசினால் பூசினது ஓடி முடிய முன்னம் ஓரம் காய்ஞ்சு கோடு விழும், வானம் திட்டுத் திட்டாக நிக்கும். பூசத்தான் வேணும் என்றால் வெள்ளண, வெயில் ஏற முன்னம், தாளை முதலில் நனைச்சிட்டுப் பூசு. தாளின் நாலு மூலைக்கும் கிளிப். வியர்வைக் கை தாளில் பட்ட இடத்தில் நிறம் ஏறாது, கைக்குக் கீழ் ஒரு கைலேஞ்சி வை. பக்கங்களுக்கு இடையில் ட்ரேசிங் பேப்பர் துண்டு. கொப்பியைச் சிப் வச்ச பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை அரிசிச் சாக்குத் துணியில் சுத்து. கும்புக்கன் ஆற்றைக் கடக்கும்போது அது தலையில் இருக்கவேணும், இடுப்பில் இல்ல. நனைஞ்சால் பிரிக்காதே, பிழியாதே, அப்படியே பையோட கட்டி வச்சிட்டு முதல் வாற ஊரில் யார் வீட்டிலாவது டீப் பிரீசரில் வைக்கக் கேள். ரெண்டு நாளுக்குள் உறையவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது, வீட்டுக்கு வந்து ஆறுதலாகக் காய வைக்கலாம்.

எழுதும்போது வெறும் "பச்சை" என்று எழுதாதே. எந்தப் பச்சை என்று வீட்டில் வந்து உனக்கே தெரியாது. சேர் மாதிரி எழுது. நீ கண்ணால் கண்டு வளர்ந்த பொருளைச் சொல்லு. விளாம்பழ ஓடு, பழுத்த பாலைப்பழம், கதிர் விட்ட மூன்றாம் நாள் வயல், பிட்டுக் குழல் மூங்கில். அதோட ஒளி எந்தப் பக்கம் இருந்து விழுது என்று ஒரு அம்பு. நேரம். ஊர்ப் பெயரை உள்ளூர்ச் சனம் சொல்ற மாதிரி, கேட்டு எழுது. ஒவ்வொரு பக்கத்திலும் எண்.

அடுத்த சனிக்கிழமை வா. திருக்கோவிலில் முதல் பஸ் எடுத்தால் எட்டு மணிக்குள் இங்க நிப்பாய், வெளிச்சம் சரியாக இருக்கும். வரும்போது ரெண்டு பெரிய துவாய், ஆட்டு மயிர்த் தூரிகை, அக்கரைப்பற்றில் அந்தப் பழைய தையல் சாமான் கடையில் லினன் நூல் ஒரு உருண்டை. மண்டபத்துக்குச் சொன்ன சட்டக்காரரிடம் வேலையை நிப்பாட்டச் சொல்லு, முற்பணம் போனால் போகட்டும், பாதி நான் தாறன்.

அஞ்சாம் கொப்பியின் ஓடத்துறைப் படத்தை உனக்காகத் திறந்து வச்சிருக்கிறன். மாட்டுவண்டிக்குப் பின்னால் ஒரு மரம் நிக்குது, கிளை ஒன்று தண்ணிப் பக்கம் முறிஞ்சு தொங்குது. உன்ட அப்பப்பா குருமன்வெளியில் ஓடம் தள்ளினவர்தானே. பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டு வா, அந்தத் துறையில் அப்படி ஒரு மரம் நின்றதா என்று.

உன்ட,
வாங்குத்தோழி

பி.கு.: சேர்ட ஏழாம் கொப்பியின் கடைசிப் பதினொரு பக்கம் வெத்துத் தாள். அதில் எழுதுவம் என்று நீ சொல்லக்கூடும். அதையும் படம் எடுத்து, அப்படியே விடுவம்.